சமாதானச் சித்திரம் அளித்த கார்ல் லெம்லி

யுத்தத்தைப் பொருளாகக் கொண்ட நாடகங்கள் சினிமாக் கொட்டகைகளிற் காட்டப்படும்போது அவற்றைக் காணச் செல்வோர் பலர்; கண்டபின் அவற்றின் குணதோஷங்களைச் சீர்தூக்கிப் பார்ப்போர் சிலர். ஒரு படம் பொது ஜனங்களுக்கு வெளியாவதற்கு முன்னர்ச் சிறு கூட்டம் ஒன்றுக்கு அதனைக் காட்டி, அவர்களுடைய முகக்குறியை நோக்கித் திருத்தஞ் செய்வது முன்காட்சி எனப்படும். வெளியான பின்னர்ப் பத்திரிகைகளில் அதன் தகுதியை எடுத்துரைப்பது மதிப்புரை எனப்படும். இவ்விரண்டற்கும் நடுவே அரசாங்கத்தாரின் தணிக்கைச் சபையும் வீற்றிருக்கும். ஏனைய படங்களுக்கு இவை வெறும் வியாபாரச் சடங்குகளாய் முடிதல் கூடும். யுத்தப் படத்துக்கோ அங்ஙனமன்று. காண்பவன் நெஞ்சிலே பகையை விதைப்பதா, இரக்கத்தை விதைப்பதா என்னும் பெரிய வினா அங்கே எழுகின்றது. இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளில் இருமுறை, இருவேறு விதமாக விடையளித்த ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம். யூனிவர்ஸல் என்னும் படக் கம்பெனியை ஸ்தாபித்த கார்ல் லெம்லி என்பவரே அவர்.

பிறப்பும் இளமையும்

தென் ஜெர்மனியில் வுர்ட்டம்பெர்க் நாட்டில் லௌப்ஹைம் என்பது ஒரு சிற்றூர். அங்கே யூத குலத்தைச் சார்ந்த எளிய குடும்பம் ஒன்றில் 1867-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ந் தேதி லெம்லியார் பிறந்தார். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. ஆதலின், பதின்மூன்றாம் வயதிலேயே இவர் பள்ளியை விட்டு, அயலூரில் காகிதமும் எழுதுகருவிகளும் விற்கும் கடையொன்றில் வேலை பழகச் சென்றார். அங்கே கணக்கெழுதவும், வருவோரிடம் இன்முகங் காட்டவும் கற்றுக்கொண்டார். கடல் கடந்து செல்லும் அவா இவருக்கு இளமையிலேயே இருந்ததெனினும், தாயார் உயிரோடிருந்தவரையில் அவரை விட்டுப் பிரிய மனம் இசைந்திலர். 1883-ல் தாயார் காலஞ்சென்றார். மறு வருஷம், பதினேழு வயதினராகிய லெம்லியார், தந்தையார் வாங்கித் தந்த கப்பற் சீட்டுடன் நியூ யார்க் துறைமுகத்தில் வந்திறங்கினார். அந்நாட்டு மொழியில் அவருக்குப் பயிற்சி மிகக் குறைவு, கைப்பொருளும் சொற்பமே.

அமெரிக்காவில் இவர் செய்யாத சிறு தொழில் இல்லை என்னலாம். கடைச் சிப்பந்தியாயிருந்தார், வயலில் வேலை செய்தார், சிக்காகோவில் கணக்கரானார். பின்னர் விஸ்கான்ஸின் மாகாணத்து ஆஷ்காஷ் நகரில் ஆயத்த உடைகள் விற்கும் கடையொன்றிற் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டு உழைத்து, அதன் மேலாளராக உயர்ந்தார். 1898-ல் ரெக்கா ஸ்டெர்ன் என்னும் மாதை மணந்தார். பெண்ணொன்றும் ஆணொன்றுமாக இருவர் மக்கள். இத்துடன் அமைந்திருப்பின், ஆஷ்காஷ் நகரத்து வியாபாரிகளுள் ஒருவராக இவர் வாழ்ந்து மறைந்திருப்பார். உலகம் இவரை அறிந்திராது.

தொழிலும் வழக்கும்

1906-ம் வருஷத்தில், முப்பத்தொன்பதாம் வயதில், சேர்த்துவைத்த சிறு பொருளுடன் சிக்காகோ சென்று, மற்றொரு கடை வைக்க இடந் தேடினார். அந்நாளில் ஐந்து சதக் காசுக்குச் சலனப்படங் காட்டும் சிறு கொட்டகைகள் அந்நகரில் காளான்போல் முளைத்திருந்தன. லெம்லியார் அத்தகைய கொட்டகை ஒன்றின் வாயிலில் நின்று, உள்ளே செல்வோரை எண்ணிப் பார்த்தாராம். துணி விற்கும் எண்ணம் அங்கேயே அகன்றது. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில் மில்வாக்கி வீதியில் தமது முதற் கொட்டகையைத் திறந்தார். பின்பு படங்களை வாங்கிப் பிற கொட்டகைகளுக்கு வாடகைக்கு விடும் தொழிலையும் தொடங்கினார்.

1908-ல் எடிஸன் முதலாய பெரிய முதலாளிகள் ஒன்றுகூடிப் படத்தொழில் முழுவதையும் தம் கைக்குள் அடக்க ஒரு கூட்டு வியாபாரம் அமைத்தனர். தம்மிடமே படம் வாங்கவேண்டும், இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் வாரந்தோறும் கட்டணஞ் செலுத்தவேண்டும் என்று அவர்கள் விதித்தனர். லெம்லியார் அதற்குப் பணியாமல் 1909-ல் தாமே படம் எடுக்கலானார். அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்குகள் 289 என்பர். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமுள்ள இச்சிறிய மனிதர் அவற்றுக்கெல்லாம் ஈடுகொடுத்து நின்றார். 1915-ல் அக்கூட்டு வியாபாரம் சட்டத்துக்கு மாறானது என நீதிமன்றந் தீர்ப்பளித்தது. இதற்கிடையில் 1912-ல் வேறு சிலருடன் சேர்ந்து யூனிவர்ஸல் கம்பெனியை நிறுவினார். 1915 மார்ச்சு 15-ந் தேதி கலிபோர்னியாவில் சுமார் 230 ஏக்கர் நிலப்பரப்பில், படம் எடுப்பதற்கென்றே அமைந்த யூனிவர்ஸல் நகரம் திறக்கப்பெற்றது. அங்கே வேலை செய்தோரெல்லாம் இவரைக் கார்ல் மாமா என்றே அழைத்தனர். உறவினர் பலருக்கு அங்கே வேலை கொடுத்ததனால் நகைப்புக்கும் இடமானார். அந்நகைப்புக்கு இடமான குணமே பின்னொரு நாளில் பலருடைய உயிரைக் காத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதல் யுத்தப் படம்

1917-ல் அமெரிக்கா ஜெர்மனிக்கு மாறாக உலக யுத்தத்திற் புகுந்தது. ஜெர்மனியிற் பிறந்தவர் யாவரும் ஐயுறவுடன் நோக்கப்பட்ட காலம் அது. 1918-ல் லெம்லியாரின் கம்பெனி ஜெர்மானியச் சக்கரவர்த்தியைப் பெர்லின் நகரத்து மிருகமாகச் சித்திரிக்கும் படமொன்றை வெளியிட்டது. கொட்டகைகள் நிறைந்தன, ஜனங்கள் ஆர்ப்பரித்தனர், வசூல் குவிந்தது. பார்வையாளரின் ஆரவாரமே மதிப்பின் அளவுகோலாயின் அது தலைசிறந்த படமாதல் வேண்டும். ஆனால் இன்று அதன் பிரதி ஒன்றேனும் கிடைப்பதில்லை. அதனைத் தேடி வருந்துவோரும் அரியர். பகையைத் தூண்டி ஆரவாரம் பெறுதல் எளிது என்பதற்கு அது சான்றாகும். ஜெர்மானியர் பலர் அதனை நெடுங்காலம் மறந்திலர்.

யுத்தம் முடிந்தது. 1919 ஜனவரியில், உலகெங்கும் பரவிய விஷசுரத்தினால் லெம்லியாரின் மனைவியார் இறந்தார். அத்துயரின் நடுவே, தோல்வியாலும் பசியாலும் வாடிய தம் பிறந்த ஊரை அவர் நினைத்தார். உணவும் உடையும் பணமும் லௌப்ஹைமுக்குச் சென்றன. மதபேதமின்றி ஏழைகள் யாவருக்கும் அவை பகிர்ந்தளிக்கப்பட்டன. அவ்வூரார் அவரைத் தம் கௌரவப் பிரஜையாக ஏற்றுப் போற்றினர். ஒரு வீதிக்கும் அவர் பெயரையே சூட்டினர்.

இரண்டாம் யுத்தப் படம்

முன்னர்ப் போர்ச்சேவகராயிருந்த எரிக் மரியா ரிமார்க் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் எழுதிய நாவல் ஒன்று 1929 ஜனவரியில் நூலாக வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. மேற்குப் போர்முனையில் விசேஷம் ஒன்றுமில்லை என்பது அந்நூற்பெயரின் பொருள். லெம்லியார் அதனைப் படமாக்கும் உரிமையை வாங்கினார். கம்பெனியின் படத்தயாரிப்பு முழுவதும் அப்பொழுது இருபத்தொரு வயதினராகிய அவர் குமாரரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. லூயிஸ் மைல்ஸ்டோன் என்பவர் படத்தை நடத்தினார். அமெரிக்காவிற் குடியேறியிருந்த பழைய ஜெர்மானியச் சேவகர்கள் தேடி அழைக்கப்பெற்று, சீருடையும் அணிநடையும் பிழையாதிருக்க உதவினர். செலவு 12 லட்சம் டாலருக்கு மேற்பட்டது.

கதையோ எளிது. ஆசிரியர் ஒருவரின் ஆவேசப் பேச்சில் மயங்கிப் பள்ளி மாணவர் ஒரு வகுப்பாகப் படையிற் சேர்கின்றனர். ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். குண்டு வீழ்ந்த குழியொன்றில், பால் என்னும் இளைஞன் தன்மேல் வந்து வீழ்ந்த பிரெஞ்சுச் சேவகனைக் குத்திவிடுகின்றான். இரவெல்லாம் அச்சேவகன் உயிர் ஊசலாடுகின்றது. பால் அவனுக்கு நீர் கொடுக்கின்றான், மன்னிப்புக் கேட்கின்றான். இறந்தவனுடைய பையில் மனைவியும் குழந்தையுமாகிய இருவர் படம் இருக்கின்றது. படத்தின் முடிவில், அகழிக்கு வெளியே அமர்ந்த பட்டுப்பூச்சியைப் பிடிக்கக் கைநீட்டும்போது பால் சுடப்பட்டு மாய்கின்றான். வெற்றி முழக்கமில்லை, வீரன் என்று விருது பெறுவாருமில்லை. அமெரிக்கர் எடுத்த படத்தில், பன்னிரண்டு ஆண்டின்முன் பகைவராயிருந்த ஜெர்மானியச் சிறுவரே இரக்கத்துக்குரியவராய்த் தோன்றுகின்றனர். 1918-ல் மிருகம் என்று காட்டியவர் 1930-ல் மனிதன் என்று காட்டினார்.

முன்காட்சியிற் கேட்ட நகைப்பு

இப்படம் முன்காட்சிக்கு வைக்கப்பட்டபோது நிகழ்ந்தது கருதத்தக்கது. பாலுடைய நோயுற்ற தாயாக ஸாஸு பிட்ஸ் என்னும் நடிகை நடித்திருந்தார். சோக ரசத்தில் வல்லவரெனினும், பொது ஜனங்கள் அவரை விகட நடிகையாகவே அறிந்திருந்தனர். படுக்கையிற் கிடக்கும் தாயின் முகம் திரையிற் தோன்றியவுடன், கண்ணீர் விடவேண்டிய கூட்டம் கொல்லென்று நகைத்தது. நடிப்பிற் குற்றமில்லை, நகைத்தோர் உள்ளத்திலும் வஞ்சமில்லை. பழக்கத்தின் பயன் அது. படத்தை எடுத்தோர் கூட்டத்தாரை வெகுளவில்லை. தம் உழைப்பு வீணாயிற்றே என்று பிடிவாதமுஞ் செய்திலர். அத்தாய் வரும் பகுதிகளை நீக்கி, பெரில் மெர்ஸர் என்னும் வேறொரு நடிகையைக் கொண்டு மீண்டும் எடுத்துச் சேர்த்தனர். முன்காட்சியின் முறையான பயன் இதுவே. கள்ளமற்ற பார்வையாளன் காட்டும் குறிப்பை ஏற்றுக்கொள்வது கலைஞனுக்கு இழுக்காகாது.

1930 ஏப்ரல் மாதத்தில் லாஸ் ஏஞ்ஜலிஸிலும் நியூ யார்க்கிலும் படம் வெளியாயிற்று. மதிப்புரைகாரர் பெரும்பாலும் ஒருமுகமாகப் புகழ்ந்தனர். அவருள் ஒருவர், சர்வதேச சங்கத்தார் இப்படத்தை விலைக்கு வாங்கி, எல்லா மொழிகளிலும் பெயர்த்து, யுத்தம் என்னும் சொல் அகராதியினின்று நீங்குமளவும் எல்லா நாட்டாருக்கும் காட்டல் வேண்டும் என்னும் கருத்தினை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் சிறந்த படத்துக்கும் சிறந்த இயக்கத்துக்கும் உரிய அகாடமிப் பரிசுகள் இதற்கே கிடைத்தன.

பெர்லின் நகரத்து எலிகள்

லெம்லியாரின் பேரவா, தாம் பிறந்த நாட்டில் இப்படம் காட்டப்படவேண்டும் என்பது. ஜெர்மன் மொழியிற் பேச்சுச் சேர்க்கப்பட்டு, பல பகுதிகள் குறைக்கப்பட்டு, பெர்லின் தணிக்கைச் சபையின் அனுமதியும் பெற்று, 1930 டிசம்பர் 4-ந் தேதி அழைக்கப்பட்டோருக்கு அது காட்டப்பட்டது. அன்று கலகமில்லை. மறுநாள் பொது ஜனங்களுக்குரிய காட்சி. மூன்று மாதங்களுக்கு முன் நடந்த தேர்தலில் 107 ஸ்தானங்களைக் கைப்பற்றியிருந்த ஹிட்லர் கட்சியார், கோயபல்ஸ் தலைமையில் சீட்டு வாங்கிக் கொட்டகையில் நிறைந்திருந்தனர். படம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் கூச்சல் எழுந்தது. துர்நாற்றக் குண்டுகள் வீசப்பட்டன. வெள்ளெலிகள் அவிழ்த்து விடப்பட்டன. பெண்கள் அலறினர், காட்சி நின்றது, போலீசார் கொட்டகையைக் காலி செய்தனர். அதன்பின் பல நாள் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று ஆர்ப்பாட்டஞ் செய்தனர். டிசம்பர் 11-ந் தேதி மேற்றணிக்கைச் சபையார், ஜெர்மனியின் மதிப்புக்கு இழுக்கென்று கூறிப் படத்தைத் தடுத்துவிட்டனர்.

இங்கே சற்று நின்று சிந்திப்போமாக. முன்காட்சியில் நகைத்த கூட்டம் படத்தைப் பார்த்தபின் நகைத்தது. பெர்லினிற் கூச்சலிட்ட கூட்டமோ பார்ப்பதற்கு முன்னமே தீர்ப்பெழுதிக் கையில் எலியுடன் வந்தது. முன்னதற்குச் செவிசாய்த்தல் அறிவு. பின்னதற்குச் செவிசாய்த்தலை என்னென்பது? தணிக்கைச் சபை அதற்குச் செவிசாய்த்தது. வருந்தற்குரியது யாதெனின், லெம்லியாரும் ஓரளவு செவிசாய்த்தார் என்பதே. 1931 செப்டம்பரில் படம் மீண்டும் ஜெர்மனியில் அனுமதி பெற்றது. ஆனால் மேலும் குறைக்கப்பட்ட உருவத்திற் பெற்றது. அக்குறைந்த உருவத்தையே பிற நாடுகளிலும் காட்டுவதாகக் கம்பெனி உறுதியளிக்க வேண்டியதாயிற்று. ஒரு நகரத்துக் கலகக்காரர் உலகத்தார் அனைவருக்கும் தணிக்கை அதிகாரிகளானார்கள். ஜெர்மானியச் சந்தையை இழக்க மனமில்லாமை ஒரு காரணம். பிறந்த நாட்டின்மீதிருந்த பற்று மற்றொரு காரணம். எக்காரணம் பற்றியாயினும் இச்செயலை நாம் புகழ்தற்கில்லை. சரித்திரம் எழுதுவோன் தன் நாயகனுடைய புகழை மட்டுமே எண்ணிச் செல்வானாயின், அது சரித்திரமாகாது, விளம்பரமாகும்.

அந்த இணக்கத்தாற் பயன் விளைந்ததோவெனின், இல்லை. 1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தவுடன் படம் மீண்டுந் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ரிமார்க்கின் நூல் தீக்கிரையாக்கப்பட்டது. லௌப்ஹைமிலே லெம்லியார் பெயர் தாங்கிய வீதியும் பெயர் மாறியது.

இறுதிக் காலம்

எனினும், வெள்ளெலிகளின் பின்னே வருவது யாது என்பதைப் பலருக்கும் முன்னர் அறிந்துகொண்டவர் லெம்லியார். 1932 ஜனவரியிலேயே, பத்திரிகை முதலாளியாகிய ஹெர்ஸ்டுக்குக் கடிதம் எழுதி, ஹிட்லர் அதிகாரம் பெற்றால் யூதருக்கு நேரவிருக்கும் ஆபத்தை எடுத்துக்காட்டினார். 1936-ல் கடன்சுமையினால் யூனிவர்ஸல் கம்பெனி அவர் கையை விட்டுப் போயிற்று. எழுபதை நெருங்கிய முதியவர், தாம் எழுப்பிய நகரத்தினின்றும் வெளியேறினார்.

பிறராயின் ஓய்ந்திருப்பர். இவரோ மற்றொரு தொழிலை மேற்கொண்டார். ஜெர்மனியை விட்டு அமெரிக்கா வர விரும்பும் யூதர் ஒவ்வொருவருக்கும், அவர் பிறர்க்குப் பாரமாகார் என்று அமெரிக்கக் குடி ஒருவர் தம் பொருளைப் பிணைவைத்து எழுதித்தரும் உறுதிப் பத்திரம் வேண்டியிருந்தது. லெம்லியார் தம் உறவினருக்கும், பின் லௌப்ஹைம் ஊராருக்கும், பின் முன்பின் அறியாதாருக்கும் அத்தகைய பத்திரங்களிற் கையொப்பமிட்டு அனுப்பினார். இவர் வயது முதிர்ந்தவர், மிகப் பலருக்குப் பிணை நின்றுவிட்டார் என்று கூறி, 1938-ல் ஸ்டுட்கார்ட் நகரத்து அமெரிக்கக் கான்ஸல் ஏற்கத் தயங்கியபோது, வெளிநாட்டு மந்திரியாகிய கார்டெல் ஹல் என்பவருக்கே நேரில் எழுதி மன்றாடினார். பிறரும் பிணைநிற்கும்படி தூண்டினார். இவ்வாறு இவர் முயற்சியால் உயிர்பிழைத்தோர் முந்நூற்றுக்கு மேற்பட்டவர் என்பர். உறவினருக்கெல்லாம் வேலை கொடுக்கின்றார் என்று நகைத்தவர்கள், அந்த உறவு எவ்வளவு தூரம் விரியக்கூடியது என்பதை அறிந்திலர்.

1939 செப்டம்பர் 1-ந் தேதி இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. அம்மாதம் 24-ந் தேதி, எழுபத்திரண்டாம் வயதில், லெம்லியார் பெவர்லி ஹில்ஸில் உயிர்நீத்தார். எதனைத் தடுக்கவேண்டுமென்று தம் படம் மன்றாடியதோ அது தொடங்கியதைக் கண்டே கண்மூடினார்.

முடிவுரை

அங்ஙனமாயின் அப்படத்தாற் பயன் என்னை என்று கேட்போர் இருத்தல் கூடும். பாலாக நடித்த லூ ஏர்ஸ் என்னும் நடிகர், 1942-ல் ஆயுதந் தாங்க மறுத்து, அதனாற் பழியேற்று, பின் பசிபிக் போர்முனையில் காயமுற்றோருக்கு மருத்துவப் பணி புரிந்தார். ஒருவன் நெஞ்சிலேனும் அப்படம் வேரூன்றியது என்பதற்கு இது போதும். வெட்டப்பட்ட பகுதிகள் பலவும் பிற்காலத்தில் தேடிச் சேர்க்கப்பெற்று, அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்தாராற் படம் செப்பனிடப்பெற்றது. 2022-ல் ஜெர்மானியரே அந்நூலைத் தம் மொழியிற் புதிதாகப் படமெடுத்தனர். அது மறு வருஷம் நான்கு அகாடமிப் பரிசுகளைப் பெற்றது. லௌப்ஹைம் நகரத்து உயர்தரப் பள்ளியொன்று இப்பொழுது கார்ல் லெம்லியின் பெயர் தாங்கி நிற்கின்றது. கிறிஸ்தவரும் யூதரும் அவ்வூரில் ஒருங்கு வாழ்ந்த வரலாற்றைக் கூறும் பொருட்காட்சிசாலையிலும் அவருக்கு இடமுண்டு.

மாணவ நண்பர்களே! நாமும் கொட்டகைகளுக்குச் செல்கின்றோம். யுத்தப் படங்களைக் காண்கின்றோம். வெளியே வந்தவுடன் நன்று, தீது என்று தீர்ப்புக் கூறுகின்றோம். அத்தீர்ப்பு சிறிதன்று. நாம் எதற்கு ஆரவாரிக்கின்றோமோ அதுவே மீண்டும் மீண்டும் எடுக்கப்படும். பகைவனுடைய பையிலும் ஒரு குழந்தையின் படம் இருக்கின்றது என்று காட்டும் சித்திரத்தைப் பொறுமையுடன் முற்றும் பார்த்தபின் தீர்ப்பளிப்போமாக. பார்க்குமுன்னே கூச்சலிடுவோர் கூட்டத்தில் நாம் சேராதிருப்போமாக. அக்கூச்சலுக்கு ஒருமுறை அஞ்சிய போதிலும், பின்னர் அதற்கு இரையாகவிருந்தோரை மீட்கத் தம் கையெழுத்தையும் செல்வத்தையும் ஈந்த அம்முதியவரின் நினைவு நம்மை வழிநடத்துவதாக.